ஒன்ஸ்மோர் கேட்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டாலேயே கதை சொல்லும் ஓபரா, பெரிய இசைக்குழு வாசிக்கும் சிம்பொனி, ராக் கச்சேரி, நம்மூர் சபா, கிராமத்து நாடகம் என்று எங்கே போனாலும், மனசுக்குப் பிடித்த ஒன்றைக் கேட்டு முடித்ததும் ஒரு தவிப்பு வரும். இன்னொரு தடவை கேட்கலாமா, கேட்டால் தருவார்களா, கேட்பது மரியாதைதானா? இசை கேட்கிற நண்பர்கள் இது பற்றி என்னிடம் கேட்பவற்றை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். ஐரோப்பிய மேடை பற்றித்தான் அதிகம் வரும். இந்தப் பழக்கத்துக்கு ஆணை போட்டதும் சண்டை போட்டதும் அங்கேதான் அதிகம்.

ஒன்ஸ்மோரும் கடைசியில் பாடுகிற கூடுதல் பாட்டும் ஒன்றுதானா?

இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வாக்குவாதமே வருகிறது.

முதல் வகையில், இப்போது பாடி முடித்த அதே பாட்டை அதே இடத்தில் மறுபடி பாடச் சொல்கிறோம். ஓபராவிலும் நாடகத்திலும் நடப்பது இதுதான். கதை நடுவில் நின்றுவிடும். இரண்டாவது வகையில், நிகழ்ச்சி முழுக்க முடிந்த பிறகு கைதட்டி வரவழைத்து, பட்டியலில் இல்லாத வேறொன்றைக் கேட்கிறோம். பியானோ கச்சேரியிலும் ராக் கச்சேரியிலும் நடப்பது இது. இங்கே எதுவும் அறுபடுவதில்லை, வீட்டுக்குப் போக நேரமாகும், அவ்வளவுதான். ஆகவே ஒன்றை எதிர்ப்பவர் மற்றதையும் எதிர்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இந்தப் பழக்கம் எவ்வளவு பழையது?

18ஆம் நூற்றாண்டிலேயே அமோகமாக இருந்தது. மோட்சார்ட்டின் 'ஃபிகரோவின் திருமணம்' 1786 மே 1 அன்று வியன்னாவில் அரங்கேறியது. இரண்டாவது தடவை நடத்தியபோது 5 பாட்டுகளையும் மூன்றாவது தடவை 7 பாட்டுகளையும் மறுபடி பாட வேண்டி வந்ததாகவும், அதில் ஒரு சின்ன இருவர் பாட்டை மூன்று முறை பாட நேர்ந்ததாகவும் மோட்சார்ட்டின் அப்பா லியோபோல்ட் தன் மகளுக்கு எழுதினார். ஏற்கெனவே நீளமான ஓபரா அது. இப்படியே போனால் விடிந்துவிடும் என்று பேரரசர் இரண்டாம் யோசேப்பு தலையிட்டார். ஒருவர் மட்டும் பாடும் பாட்டுகளை மறுபடி பாடலாம், ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து பாடுவதைப் பாடக் கூடாது என்று அந்த மாதமே ஆணை வந்தது. ரசிகர்களின் ஆசையை ஒரேயடியாக நசுக்காமல், தனிப் பாடகருக்குக் கிடைக்கும் பாராட்டையும் பறிக்காமல் போட்ட ஆணை. எனக்கு அது நல்ல ஆணையாகவே படுகிறது.

ஆறு வருஷம் கழித்து அதே ஊரில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. இத்தாலிய இசையமைப்பாளர் சிமரோசாவின் 'ரகசியத் திருமணம்' ஓபரா 1792இல் அரங்கேறிய இரவு, அப்போதைய பேரரசர் இரண்டாம் லியோபோல்டுக்கு அது பிடித்துப் போய்விட்டது. எல்லோருக்கும் சாப்பாடு போட்டு, முழு ஓபராவையும் அன்றிரவே முதலிலிருந்து மறுபடி நடத்தச் சொன்னார் என்று சொல்வார்கள்.

பாட்டுக்கு மட்டும் என்று இல்லை. 1794இல் லண்டனில் ஹைடனின் 'மிலிட்டரி' சிம்பொனியின் இரண்டாவது பகுதியை மறுபடி வாசிக்கச் சொல்லி அரங்கமே கத்தியது. பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி 1813 டிசம்பர் 8 அன்று வியன்னாவில் முதன்முதலாக வாசிக்கப்பட்டபோது, அதன் இரண்டாவது பகுதியை அங்கேயே திரும்ப வாசித்தார்கள். இன்றைக்கு சிம்பொனியின் பகுதிகளுக்கு நடுவே ஒருவர் கைதட்டினாலே பக்கத்து சீட்டுக்காரர் முறைப்பார்!

அந்தக் காலத்து ஆட்களை நாகரிகம் தெரியாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ரிக்கார்டு இல்லை, ரேடியோ இல்லை. அந்த இசையை இனி எப்போது கேட்போம் என்பது யாருக்கும் தெரியாது. பலருக்கு அதுதான் வாழ்நாளிலேயே ஒரே வாய்ப்பு. அப்படி ஒரு நிலையில் 'இன்னொரு முறை' என்று கேட்பதில் என்ன தப்பு?

அப்புறம் ஏன் ஓபரா அரங்குகள் தடை போட்டன?

ஓபராவைப் பார்க்கிற விதம் மாறியது. பாட்டுகளின் கோவையாக இருந்ததை, முழு நாடகமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். சாகப் போகிறவன் உயிரை உருக்கிப் பாடிவிட்டு, குனிந்து வணங்கி, மறுபடி முதலிலிருந்து உருகினால் நாடகம் என்னாவது?

இந்தக் கட்சியின் தலைவர் என்றால், இசைக்குழுவை வழிநடத்தும் நடத்துநர் ஆர்துரோ டோஸ்கனினிதான். மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் அவர் ஒன்ஸ்மோருக்கு இடம் கொடுக்கவில்லை. 1903இல் வெர்டியின் ஓபரா ஒன்றை நடத்திக்கொண்டிருந்தபோது, டெனர் (உச்சக் குரலில் பாடும் ஆண் பாடகர்) பாடிய ஒரு பகுதியை மறுபடி கேட்டு ரசிகர்கள் விடாமல் கத்தினார்கள். டோஸ்கனினி மசியவில்லை. சத்தம் ஓயாததால் பாதியிலேயே வெளியேறிவிட்டார். அதற்குப் பிறகு சில வருஷம் அந்த அரங்குப் பக்கமே வரவில்லை.

நடைமுறைக் காரணங்களும் உண்டு. நேரம் தாண்டினால் இசைக்குழுவுக்கும் மேடைப் பணியாளர்களுக்கும் கூடுதல் சம்பளம் தர வேண்டும். பாடகரின் தொண்டையும் பாவம், இன்னும் இரண்டு அங்கம் மீதி இருக்கும். ஆனால் உண்மையான காரணம் கதையைக் காப்பாற்றுவதுதான். அதில் எனக்கு டோஸ்கனினி பக்கம் பாதி மனசு உண்டு.

பாதி மனசு மட்டும் ஏன்?

2007 பிப்ரவரியில் லா ஸ்காலாவில் நடந்ததைப் பார்த்தால் மீதிப் பாதி எங்கே போகிறது என்று தெரியும்.

டொனிசெட்டியின் 'படையணியின் மகள்' என்ற நகைச்சுவை ஓபரா. அதில் டோனியோ என்கிற கிராமத்துப் பையன், காதலிக்காகப் பட்டாளத்தில் சேர்ந்து, அவளைக் கட்டிக்கொள்ளச் சம்மதமும் வாங்கிவிட்ட குஷியில் பாடுகிறான். டெனர் குரலின் உச்சியில் இருக்கும் 'ஹை சி' ஸ்வரத்தை அந்தப் பாட்டில் 9 முறை தொட வேண்டும். ஒன்று பிசகினாலும் அரங்கம் முழுக்கத் தெரிந்துவிடும். பெருவைச் சேர்ந்த ஹுவான் டியேகோ ஃப்ளோரஸ் அன்றைக்கு ஒன்பதையும் அலட்டிக்கொள்ளாமல் பாடினார். கைதட்டல் நிற்கவே இல்லை. அவர் மறுபடி பாடினார், மறுபடியும் ஒன்பது. ரஷ்யப் பாடகர் ஷல்யாப்பின் 1933இல் மறுபடி பாடியதற்குப் பிறகு, லா ஸ்காலாவில் ஒரு தனிப் பாடகர் ஒன்ஸ்மோர் கொடுத்தது அதுதான் முதல் தடவை என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த வருஷம் ஏப்ரலில் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபராவிலும் அதே பாட்டை அவர் இரண்டு முறை பாடினார். 1994இல் இத்தாலிய டெனர் பவரோட்டி மறுபடி பாடியதற்கு அப்புறம் அங்கே யாரும் அப்படிச் செய்திருக்கவில்லை.

இப்படிப்பட்ட ஒரு நிமிஷம் மேடையில் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். பாட்டு முடிந்ததும் பாடகர் முடிந்த நிலையிலேயே அசையாமல் நிற்பார். வணங்கினால் வேஷம் கலைந்துவிடும். கைதட்டல் முதலில் ஏறி, பிறகு தணிய வேண்டும், ஆனால் தணியாது. அலை அலையாக மறுபடி எழும்பும். வயலின்காரர்கள் வில்லை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். நடத்துநர் தலை நிமிர்ந்து பாடகரைப் பார்ப்பார். பாடகர் லேசாகத் தலையசைத்தால் போதும், இசைக்குழுவில் பக்கங்கள் பின்னோக்கிப் புரளும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் காதில் விழுந்தவுடன் அரங்கம் கப்சிப் ஆகிவிடும். இரண்டாவது முறை பாடுவதை எல்லோரும் முதல் முறையை விடக் கவனமாகக் கேட்பார்கள்.

டோனியோ சந்தோஷத்தில் துள்ளுகிறான். சந்தோஷத்தில் இருப்பவன் அதையே இரண்டு தடவை சொல்வது இயற்கைதானே? கதைக்கு அதனால் ஒரு சேதமும் இல்லை.

கூட நடிப்பவர்களுக்கு இது தொந்தரவு இல்லையா?

உண்டு. 2016 ஏப்ரலில் வியன்னாவில் 'டாஸ்கா' ஓபரா நடந்தது. மூன்றாவது அங்கத்தில், விடிந்தால் சுட்டுக் கொல்லப்படப் போகிற கைதியாக யோனாஸ் காஃப்மன் பாடினார். கைதட்டல் ஓயாததால் மறுபடியும் பாடினார். அது முடிந்தவுடன் கதாநாயகி டாஸ்கா உள்ளே ஓடி வர வேண்டும். இசை வாசித்தாகிவிட்டது, டாஸ்காவைக் காணோம். மேடையில் தனியாக நின்றிருந்த காஃப்மன், "சோப்ரானோ (உச்சக் குரல் பாடகி) இல்லையே" என்று இத்தாலிய மொழியில், அந்த இடத்து மெட்டிலேயே பாடினார். அரங்கம் சிரித்தது. இசைக்குழு நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தப் பாடகி வந்தார், அங்கிருந்து தொடர்ந்தார்கள்.

2024 செப்டம்பரில் சியோலில் அதே ஓபராவில், அதே பாட்டை டெனர் மறுபடி பாடிக்கொண்டிருக்கும்போதே டாஸ்கா வேடத்துப் பாடகி மேடைக்கு வந்து ஆட்சேபித்தார். இது கச்சேரி இல்லை, நாடகம் என்பது அவர் வாதம். அவர் சொன்ன விதம் பலருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வாதத்தில் நியாயம் இருக்கிறது. தூங்காமல் மரணத்துக்காகக் காத்திருக்கும் கைதியின் பாட்டு அது. டோனியோ பாட்டு மாதிரி இல்லை. அங்கே நானாக இருந்தால் கைதட்டுவேன், மறுபடி பாடச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

கேட்கிறவர்கள் எல்லாரும் நிஜ ரசிகர்கள்தானா?

எப்போதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் கைதட்டுவதையே தொழிலாகச் செய்த கூட்டங்கள் இருந்தன. நிர்வாகமோ பாடகரோ காசு கொடுப்பார்கள். சிரிப்பதற்கு ஒரு பிரிவு, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு பிரிவு, 'மறுபடி, மறுபடி' என்று கத்துவதற்கென்றே ஒரு பிரிவு. ஒத்திகைக்கே வந்து எங்கே கத்த வேண்டும் என்று குறித்துக்கொண்டு போவார்கள்.

ராக் கச்சேரியில் எல்லாமே முன்கூட்டியே முடிவு செய்ததுதானே?

பெரும்பாலும் ஆமாம். மேடையில் பாடகர் காலடியில் ஒட்டியிருக்கும் பாட்டுப் பட்டியலில் ஒரு கோடு போட்டிருக்கும். கோட்டுக்குக் கீழே இரண்டு மூன்று பாட்டு. கோடு வந்ததும் உள்ளே போவார்கள், தண்ணீர் குடிப்பார்கள், வருவார்கள். அவர்களுடைய மிகப் பிரபலமான பாட்டு இன்னும் வரவில்லை என்றால் கண்டிப்பாகத் திரும்பி வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அரங்கின் விளக்குகள் முழுசாக எரிந்து, ஸ்பீக்கரில் ஏதாவது பழைய பாட்டு ஓட ஆரம்பித்துவிட்டால் கதை முடிந்தது, கத்திப் பயனில்லை.

இதில் எனக்கு வருத்தம் உண்டு. வர மாட்டார்களோ என்கிற பயம் கொஞ்சமாவது இருந்தால்தான் கத்துவதற்கு ஒரு அர்த்தம் இருக்கும். அந்த விஷயத்தில் எல்விஸ் பிரெஸ்லி நேர்மையானவர். அவர் திரும்பி வருவதில்லை. 1956 டிசம்பரில் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில் அவர் பாடி முடித்ததும் ரசிகர்கள் இருக்கையை விட்டு எழுந்துவிட்டார்கள். மற்றவர்கள் இன்னும் பாட வேண்டியிருந்தது. நிகழ்ச்சியை நடத்திய ஹோரஸ் லோகன் மைக்கைப் பிடித்து, எல்விஸ் கட்டடத்தை விட்டே போய்விட்டார் என்று அறிவித்தார். பின்னாளில் எல்விஸின் ஒவ்வொரு கச்சேரியும் முடிந்ததற்கு அடையாளம் அந்த அறிவிப்புதான். பீட்டில்ஸும் சுற்றுப்பயணங்களில் அரை மணி நேரம் பாடிவிட்டுப் போய்விடுவார்கள்.

எதிர்த் திசையில் ஒரு உதாரணம்: லண்டன் ஹைட் பார்க், 2012 ஜூலை. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் மூன்று மணி நேரத்துக்கு மேல் பாடிவிட்டு, கடைசியில் பால் மெக்கார்ட்னியையும் மேடைக்கு அழைத்துச் சேர்ந்து பாடினார். அனுமதித்த நேரம் தாண்டிவிட்டது. இருவரும் ரசிகர்களுக்கு நன்றி சொல்ல வாயெடுக்கும்போது மைக் செத்துப்போயிருந்தது. சுற்றியுள்ள குடியிருப்புகளுக்குத் தூக்கம் வேண்டும், அது நியாயம். இருந்தாலும் அந்த இருவர் வாயசைப்பதை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிய கூட்டத்தை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

பியானோ, வயலின் கச்சேரிகளில்?

அங்கே இது கிட்டத்தட்ட ஒரு தனிக் கலை. ரஷ்யப் பியானோக் கலைஞர் கிரிகோரி சொகலோவ் வழக்கமாக 6 கூடுதல் துண்டுகள் வாசிப்பார். அதை மூன்றாவது பாதி என்றே ரசிகர்கள் சொல்வார்கள். அர்தூர் ஷ்னாபெல் இதற்கு நேர் எதிர், கூடுதலாக வாசிப்பதில்லை. கைதட்டல் என்பது ரசீது, பில் இல்லை என்பது அவர் சொன்னதாகப் பிரபலமான வாக்கு. பீத்தோவனின் கடைசி சொனாட்டாவை வாசித்துவிட்டு எழுந்தவரிடம் மேலே என்ன கேட்பது?

வியன்னா புத்தாண்டுக் கச்சேரியை டிவியில் பார்த்திருப்பீர்கள். அங்கே கூடுதல் பாட்டே சடங்கு. முதலில் ஒரு வேகமான போல்கா நடன இசை. அடுத்து 'நீல டான்யூப்' ஆரம்பிக்கும், முதல் சில ஸ்வரங்களிலேயே கைதட்டி நிறுத்துவார்கள், நடத்துநர் திரும்பிப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்வார், மறுபடி ஆரம்பிக்கும். கடைசியாக 'ராடெட்ஸ்கி' அணிவகுப்பு, ரசிகர்களின் கைத்தாளத்தோடு. எல்லாமே தெரிந்ததுதான். ராக் கச்சேரியின் கோடு எனக்குத் தருகிற ஏமாற்றத்தை இது தருவதில்லை, ஏனென்றால் இங்கே யாரும் எதையும் மறைக்கவில்லை.

நம்ம ஊர் நாடக மேடையில் ஒன்ஸ்மோர் எப்படி இருந்தது?

சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து இசை நாடகங்களில் பாட்டுதான் உயிர். எஸ்.ஜி. கிட்டப்பா போன்ற ஒருவர் 'வள்ளி திருமண'த்தில் வேலன் வேடத்தில் வந்து 'காயாத கானகத்தே' என்று உச்ச ஸ்தாயியில் எடுத்தால், ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையின் கடைசித் தரை டிக்கெட் வரைக்கும் கேட்கும். ஒன்ஸ்மோர் கேட்காமல் விடுவார்களா? மேடையோரம் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியக்காரர் மறுபடி சுதியைப் பிடித்தால் கோரிக்கை ஏற்கப்பட்டது என்று அர்த்தம். செத்து விழுந்த பாத்திரம் எழுந்து உட்கார்ந்து பாடிவிட்டு மறுபடி படுத்துக்கொண்ட கதைகளைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். விடிய விடிய நடக்கிற நாடகம், கதை எல்லோருக்கும் மனப்பாடம். வள்ளியை முருகன் கட்டிக்கொள்வான் என்று தெரிந்தவர்களுக்கு, அவன் பாடுகிற விதம்தான் புதுசு. அதனால் டோஸ்கனினியின் சட்டத்தை இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது.

கர்நாடக சங்கீதக் கச்சேரியில் ஏன் யாரும் ஒன்ஸ்மோர் என்று கத்துவதில்லை?

தேவையே இல்லை என்பதுதான் முதல் காரணம். பல்லவி வரியைச் சங்கதி சங்கதியாகப் பாடுகிறார், நிரவலில் ஒரே வரியை எடுத்து எத்தனையோ விதமாகச் சுற்றிவருகிறார், ஸ்வரம் பாடி ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்துக்கு வந்து சேர்கிறார். திரும்பத் திரும்பக் கேட்கும் இன்பம் பாட்டுக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. பிடித்த இடத்தில் 'பலே', 'ஆஹா' என்றால் பாடகருக்கே புரியும், இன்னொரு சுற்று வரும்.

வேண்டிய பாட்டைக் கேட்க இங்கே துண்டுச்சீட்டு இருக்கிறது. டிக்கெட்டின் பின்பக்கத்திலோ, கிழித்த டைரித் தாளிலோ எழுதிய சீட்டு முன்வரிசை வரை கை மாறிப் போகும். ஒருவர் எழுந்து மேடை விளிம்பில் வைப்பார். தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் நடக்கும்போது பாடகர் அதை எடுத்து மடியில் வைத்துப் படித்துவிட்டு, பிளாஸ்க்கின் அடியில் செருகுவார். எந்தச் சீட்டு செருகப்பட்டது, எது கசக்கப்பட்டது என்று அனுப்பியவர் கழுத்தை நீட்டிப் பார்ப்பார். பெரிய ராகம் முடிந்து சின்னச் சின்னப் பாட்டுகளான துக்கடா பகுதி வரும்போதுதான் பதில் தெரியும். மதுரை மணி ஐயர் கச்சேரிகளில் மேல்நாட்டு மெட்டில் அமைந்த இங்கிலீஷ் நோட் பாடாமல் ரசிகர்கள் விட மாட்டார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி கச்சேரி என்றால் 'குறை ஒன்றும் இல்லை' வேண்டும்.

எல்லை ஒன்றே ஒன்றுதான்: கச்சேரியை முடித்துவைக்கும் மங்களம். பாடகர் சௌராஷ்டிர ராகத்தில் 'பவமான' எடுத்துவிட்டால் அதற்கு மேல் கேட்கக் கூடாது. டிசம்பர் சீசனில் அடுத்த கச்சேரிக்காரர் உள்ளே காத்திருப்பார் என்பதும் ஒரு காரணம். ஆனால் சீட்டில் எழுதியது 'ஏதாவது கனமான பல்லவி' மாதிரி இருந்து, மீதி நேரமோ பத்து நிமிஷம் என்றால் அந்தக் கோரிக்கை ரசிகரின் பவிஷைக் காட்டத்தான் உதவும், பாடகருக்கு இல்லை.

கவிதைக்கும் ஒன்ஸ்மோர் உண்டாமே?

உண்டு. உருதுக் கவியரங்கமான முஷாயிராவில் 'முகர்ரர்' என்றால் இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று அர்த்தம். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் கேட்டிருக்கலாம். கஜலின் ஈரடியில் முதல் அடியைக் கவிஞர் இரண்டு மூன்று முறை சொல்லிக் காக்க வைப்பார், இரண்டாம் அடி விழுந்ததும் சபை முழங்கும். கேட்பவரின் குரல் கவிதையின் நடையோடு சேர்ந்தே இருக்கிறது.

ஒன்ஸ்மோரில் இசையைத் தாண்டி வேறு எதுவும் இருக்க முடியுமா?

2011 மார்ச்சில் ரோமில் வெர்டியின் 'நபுக்கோ' நடந்தது. இத்தாலி ஒன்றுபட்டு 150 வருஷம் ஆன சமயம். கலைக்கான அரசு நிதியை வெட்டிக்கொண்டிருந்த சமயமும்கூட. நாடிழந்த அடிமைகள் பாடும் கோரஸ் முடிந்ததும் மறுபடி கேட்டுக் குரல்கள் எழுந்தன. நடத்துநர் ரிக்கார்டோ முட்டி திரும்பி நின்று, நாட்டின் கலாசாரம் அழிய விடக் கூடாது என்று சில வார்த்தை பேசி, இந்த முறை நீங்களும் பாடுங்கள் என்றார். மாடங்களில் இருந்தவர்கள் எழுந்து பாடினார்கள். மேடையில் கோரஸ் பாடகர்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டது படப்பதிவில் தெரிகிறது.

முதல் தடவையாக வெளிநாட்டில் ஓபரா பார்க்கப் போகிறேன். நான் எப்படிக் கேட்பது?

கைதட்டலை நிறுத்தாமல் இருங்கள், அது போதும். இத்தாலியில் 'பீஸ்' (மறுபடி) என்று கத்துவார்கள், பக்கத்தில் யாராவது ஆரம்பித்தால் சேர்ந்துகொள்ளலாம். கடைசி ஸ்வரம் அடங்கும் முன் கத்தாதீர்கள். வாக்னர் ஓபராவில் நடுவில் முயற்சி செய்ய வேண்டாம், இசை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பாடகரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அவர் தலை குனிந்துவிட்டார் என்றாலோ, நடத்துநர் கோலைத் தூக்கிவிட்டார் என்றாலோ கையை இறக்கிவிடுங்கள். அன்றைக்கு அவர் தொண்டை எப்படி இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும், அடுத்த காட்சியும் அவருக்குத்தான் காத்திருக்கிறது.